ஒரே வகுப்பறை, முப்பது வேகம்: பள்ளி மாவட்டம் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்குப் ‘பெர்சனலைஸ்டு லேர்னிங்’ என்ற பேச்சு புதிதல்ல. மாவட்டத்தின் பள்ளிகளை மேற்பார்க்கும் போர்டின் கூட்டத்தில், மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டன்ட் அதைத் திரையில் போட்டுக் காட்டுவார். பள்ளி முதல்வரிடமிருந்து கடிதம் வரும். இனி ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வேகத்தில், அவரவர் தேவைக்கேற்பப் படிக்கும் என்பார்கள். இதற்கு யார் மறுப்புச் சொல்லப் போகிறார்கள்? சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே பெயருக்குள் நாலு வெவ்வேறு திட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மென்பொருள் வாங்கிப் பாடத்தை அதில் ஏற்றுவது. இன்னொன்று, மதிப்பெண் முறையையும் வகுப்பு ஏற்றத்தையும் அடியோடு மாற்றுவது. மூன்றாவது, பள்ளி நேரத்துக்குள்ளேயே டியூஷன். நாலாவது, பாடத்தில் இருக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது. நாலுக்கும் செலவு வேறு, ஆபத்து வேறு, கிடைக்கும் பலனும் வேறு. எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாவட்டத்திலும் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது, தடுமாறும் பிள்ளையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசும் நேரம். அந்த நேரத்தைக் கூட்டுகிற திட்டம் தேறுகிறது. அதைத் தின்றுவிடுகிற திட்டம் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. நாலு வழிகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கப் போகிறேன்.

ஒப்பிட வசதியாக ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இரண்டு பிள்ளைகளை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமி. 3/4, 5/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 5/8 என்கிறாள். மூன்றைவிட ஐந்து பெரியது, நாலைவிட எட்டு பெரியது, அப்புறம் 5/8 தானே பெரியதாக இருக்க வேண்டும்? பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் இரண்டு தனித்தனி எண்களாகப் பார்க்கிறாள். நாலாம் வகுப்பிலேயே விழுந்த ஓட்டை அது. அதை அடைக்காமல் ஏழாம் வகுப்பின் விகிதமும் சதவீதமும் அவளுக்கு ஏறாது. அதே அறையில் ஒரு பையன். அந்த வருஷத்துப் பாடத்தை முதல் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டு அல்ஜீப்ராவுக்குக் காத்திருக்கிறான். இருவருக்கும் நடுவே இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர், ஐம்பது நிமிஷம்.

இந்த ஏற்பாட்டின் வேர் நூறு வருஷத்துக்கும் பழையது. 1906-இல் தொடங்கிக் கார்னகி ஃபவுண்டேஷன் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தபோது, அந்தத் திட்டத்தில் சேர விரும்பும் கல்லூரிகள், சேரவரும் மாணவர்கள் இத்தனை ‘யூனிட்’ முடித்திருக்க வேண்டும் என்று கேட்டாக வேண்டும் என ஒரு நிபந்தனை போட்டது. ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் 120 மணி நேரம். உயர்நிலைப் பள்ளிகள் எல்லாம் அந்த அளவுக்குள் வந்துவிட்டன. நேரம் எல்லோருக்கும் ஒன்று, கற்றது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்று ஆனது அப்படித்தான்.

இதை உடைக்கும் முயற்சிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். 1919-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் வின்னெட்கா மாவட்டத்துக்குச் சூப்பரின்டென்டன்டாக வந்த கார்ல்டன் வாஷ்பர்ன், கணக்கையும் வாசிப்பையும் பிள்ளைகள் தாங்களாகவே பயிற்சிப் புத்தகத்தில் செய்து, தாங்களாகவே சோதித்துக்கொண்டு, தேறியபின் அடுத்ததற்குப் போகும்படி அமைத்தார். நாளின் மீதி நேரம் கலை, நாடகம், கூட்டு வேலைகளுக்கு. திரை இல்லை, இணையம் இல்லை. ஆகவே இன்று யாராவது ‘புத்தம் புதுக் கல்விமுறை’ என்று சொன்னால் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

மென்பொருளை நம்பும் வழி

மாவட்டங்கள் பெரும்பாலும் முதலில் எட்டிப் பிடிப்பது இதைத்தான். காரணம் எளிது. வாங்க முடியும், ஒரே வருஷத்தில் எல்லாப் பள்ளிக்கும் கொடுக்க முடியும், புகைப்படத்தில் நன்றாகத் தெரியும்.

2013-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் ஒவ்வொரு மாணவருக்கும் ஐபேட் தர இறங்கியது. பள்ளிகளின் இணைய வசதியையும் சேர்த்து 130 கோடி டாலர் திட்டம். கருவி கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர்கள் அதன் பூட்டைத் தாண்டி வேறு தளங்களுக்குப் போய்விட்டார்கள். அதில் இருக்க வேண்டிய பியர்சன் நிறுவனத்தின் பாடங்கள் முழுமையாக முடியவே இல்லை. 2014-இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அக்டோபரில் சூப்பரின்டென்டன்ட் ஜான் டீசி பதவி விலகினார். கருவியை முதலில் வாங்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வது என்று பிறகு யோசித்ததன் விலை அது.

சம்மிட் லேர்னிங்கின் கதை இதைவிட ஆழமானது. அங்கே யோசனை இருந்தது, உண்மையான அக்கறையும் இருந்தது. கலிஃபோர்னியாவின் சம்மிட் பப்ளிக் ஸ்கூல்ஸ் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடப்பவை சார்ட்டர் பள்ளிகள்) தன் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது. 2014 முதல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் அதன் தளத்தைக் கட்டித் தந்தார்கள். பிறகு ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கும் அவர் மனைவியும் தொடங்கிய சான் சக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் கைகொடுத்தது. பள்ளிகளுக்கு இலவசம். 2018-19 கல்வியாண்டில் 380 பள்ளிகள் அளவுக்குப் பரவியது. மாணவர் வாரத்தில் ஒரு பகுதி நேரம் புராஜெக்ட் செய்வார், ஒரு பகுதி நேரம் ‘பிளேலிஸ்ட்’ எனப்படும் பாடக்குவியலில் தானாகப் படிப்பார், பத்துக் கேள்வித் தேர்வு எழுதுவார். எட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் மறுபடி எழுதலாம். இதோடு வாரம் பத்து நிமிஷமாவது ஒரு வழிகாட்டி ஆசிரியர் தனியாகப் பேச வேண்டும்.

காகிதத்தில் எல்லாமே சரி. நடந்தது என்ன? கனெக்டிகட்டின் செஷயர் 2017-இல் பெற்றோரின் எதிர்ப்பால் இதைக் கைவிட்டது. 2018 நவம்பரில் புரூக்ளினில் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். நாள் முழுக்கத் திரை முன்னால் தாங்களே தங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, வழிகாட்டியோடு பேசும் நேரம் கிடைப்பதே இல்லை என்பது அவர்கள் புகாரின் சாரம். கேன்சஸ் மாநிலத்திலும் அதேபோல எதிர்ப்பு கிளம்பியது.

என் பார்வையில் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பள்ளிகளுக்கு வந்துசேர்ந்த பகுதி மென்பொருள். வராமல்போன பகுதி அந்தப் பத்து நிமிஷம். திட்டத்தின் உயிர் எதில் இருந்ததோ அது மட்டும் இலவசமாகக் கிடைக்கவில்லை. அதற்கு ஆள் வேண்டும், அட்டவணையில் இடம் வேண்டும்.

நம் சிறுமியை அந்த பிளேலிஸ்ட் முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள். 5/8 என்று அழுத்துகிறாள். தவறு என்று வருகிறது. ஒரு வீடியோ ஓடுகிறது, பகுதிகளைச் சமமாக்கி ஒப்பிடும் முறையைச் சொல்கிறது. அவள் அந்தச் செய்முறையை மனப்பாடம் செய்துகொள்கிறாள். அடுத்த பத்துக் கேள்வியில் ஏழு, மறுபடி எழுதினால் எட்டு. தேர்ச்சி. பின்னம் என்றால் ஒரே எண் என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது, தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. பையனோ அதே மென்பொருளில் சிறகு முளைத்துப் பறக்கிறான். தானாக ஓடக்கூடியவனுக்கு இது வரப்பிரசாதம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புள்ளிவிவரமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 40 பள்ளிகளைப் பார்த்தார்கள். கணக்கில் சுமார் மூன்று பெர்சன்டைல் முன்னேற்றம். நூறு பேரில் நடுவில் இருக்கும் பிள்ளை மூன்று இடம் மேலே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாசிப்பில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. தனித்தனிப் பாடம் தயாரிக்க நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னதும் அதே ஆய்வில் இருக்கிறது.

மென்பொருள் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. மெய்ன் மாநிலத்தில் 2002 முதலே ஏழாம் வகுப்பு மாணவர் கையில் மடிக்கணினி உண்டு. அங்கே அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பள்ளிகளைப் பிரித்துச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அது பாடமே நடத்துவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாடப்புத்தக வீட்டுப்பாடத்தைத்தான் மாணவர் அதில் செய்கிறார். சரியா தவறா என்று உடனே தெரிகிறது, தேவைப்பட்டால் குறிப்பு வருகிறது. மறுநாள் காலை எந்தக் கணக்கில் எத்தனை பேர் விழுந்தார்கள், எந்தத் தவறான விடையை அதிகம் பேர் எழுதினார்கள் என்ற பட்டியல் ஆசிரியர் கையில் இருக்கிறது. ‘இருபது பேர் 5/8 என்று போட்டிருக்கிறீர்கள், ஏன் என்று பேசுவோம்’ என்று அவர் ஆரம்பிக்க முடிகிறது. ஏழாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன, ஏற்கெனவே பின்தங்கியிருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். மென்பொருள் ஆசிரியரிடம் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தால் வேலை செய்கிறது.

வகுப்பு ஏற்றத்தையே மாற்றும் வழி

இதில்தான் ‘மாவட்டத்தையே மாற்றுகிறோம்’ என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் உண்டு. வயதைப் பார்த்து வகுப்பு ஏற்றுவதை விட்டுவிட்டு, தேறியதைக் காட்டினால் மேலே போகலாம் என்று வைப்பது. ‘சி கிரேடு வாங்கிக் கடந்துபோவது’ கிடையாது. தேறும்வரை அதே பாடம், தேறிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

அலாஸ்காவின் சுகாச் மாவட்டம் 1994-இல் இதை ஆரம்பித்தது. 22,000 சதுர மைல் பரப்பு, மொத்த மாணவர்கள் இருநூற்றுச் சொச்சம், சில கிராமங்களுக்கு விமானத்தில்தான் போக முடியும். பத்துப் பாடப்பகுதிகளில் நிலைகள் வகுத்து, கார்னகி யூனிட்டுக்குப் பதிலாக அவற்றை வைத்துப் பட்டம் தர மாநிலத்திடம் விலக்கு வாங்கினார்கள். 2001-இல், தரமாக நடக்கும் அமைப்புகளுக்கு அமெரிக்க அரசு தரும் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருது கல்விக்கு முதல்முறையாகத் தரப்பட்டபோது வாங்கியவர்களில் இந்தச் சின்ன மாவட்டமும் ஒன்று.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இருக்கும் லிண்ட்சே நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். டுலாரி கவுன்ட்டியில் பழத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு ஊர், சுமார் நாலாயிரம் மாணவர்கள், பெரும்பாலும் ஏழை லத்தீன் குடும்பங்கள். 2007-இல் பெற்றோர், ஆசிரியர், ஊர்க்காரர்கள் எல்லோரையும் கூட்டி எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்று எழுதினார்கள். உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தார்கள். 2012-இல் ஒபாமா அரசின் ‘ரேஸ் டு தி டாப்’ என்ற, மாவட்டங்களுக்கான நிதிப் போட்டியில் ஒரு கோடி டாலர் கிடைத்தது. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்காக ஊரிலேயே வைஃபை அமைத்தார்கள். ஒரு வரியில் சொன்னால் பணம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே ஊர் ஒத்துக்கொண்டிருந்தது.

அதற்கு நேர் எதிர் மெய்ன். 2012-இல் சட்டசபையே சட்டம் போட்டது: குறிப்பிட்ட பாடங்களில் தேர்ச்சியைக் காட்டினால்தான் உயர்நிலைப் பள்ளிப் பட்டம். தேர்ச்சி என்றால் என்ன என்பதை ஒவ்வொரு மாவட்டமும் தானே வரையறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பல இடங்களில் ஏ, பி, சி போய் 1 முதல் 4 வரை எண்கள் வந்தன. 3 என்றால் நல்லதா, கல்லூரிக்காரர் இதை எப்படிப் படிப்பார், என் பிள்ளை முழுமுயற்சி போட்டும் ஏன் 4 வரவில்லை? பெற்றோருக்குப் புரியவில்லை, ஆசிரியர்களுக்கோ ஒவ்வொரு திறனுக்கும் ஆதாரம் சேர்த்துப் பதிவது தனி வேலையானது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து 2018-இல் அந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. முறை தவறு என்று அதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். மேலேயிருந்து கட்டளையாக வந்தால் இந்த முறை நிற்காது என்பதைத்தான் அது காட்டுகிறது.

நம் இரண்டு பிள்ளைகளுக்கும் நன்றாக நடந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. சிறுமி பின்னத்திலேயே நின்று சரிசெய்துகொண்டு நகர்வாள், பையன் அக்டோபரிலேயே அல்ஜீப்ராவில் இருப்பான். ஆனால் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, மத்திய அரசின் சட்டப்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு வருஷமும் அந்தந்த வகுப்புக்குரிய தேர்வு நடந்தே தீரும். சிறுமி நாலாம் வகுப்புப் பின்னத்தில் அருமையாக முன்னேறியிருந்தாலும் வசந்த காலத்தில் அவளுக்கு வருவது ஏழாம் வகுப்புத் தாள். போர்டு பதறாமல் இருக்குமா? இரண்டாவது இன்னும் மோசம். ‘அவரவர் வேகம்’ என்பது மெதுவாகப் போகும் பிள்ளையை மெதுவாகவே விட்டுவிட ஒரு சாக்காகலாம். பின்தங்கியவருக்குக் கூடுதல் நேரமும் ஆளும் எங்கிருந்து வரும் என்ற பதில் இல்லாமல் வகுப்புச் சுவரை மட்டும் எடுத்தால், மூன்று வருஷப் பின்னடைவு ஐந்தாகிவிடும், அதுவும் யார் கண்ணிலும் படாமல்.

பள்ளி நேரத்துக்குள் டியூஷன்

தமிழர்களுக்கு டியூஷனைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வசதியுள்ள வீடுகள் சாயங்காலம் காசு கொடுத்து வாங்கும் அதே பொருளைப் பள்ளி பகலிலேயே, தேவைப்படும் பிள்ளைக்கு இலவசமாகத் தருவதுதான் இந்த வழி.

1984-இல் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரையில் ஆளுக்கு ஆள் டியூஷன் பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பின் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்று எழுதினார். பெர்சனலைஸ்டு லேர்னிங் பற்றிய விளக்கக் கூட்டங்களில் இந்த எண் அடிக்கடி தலைகாட்டும். அதற்கு அடிப்படை அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள் செய்த சில வாரச் சோதனைகள். பிற்காலத்தில் அவ்வளவு பெரிய பலன் யாருக்கும் சீராகக் கிடைக்கவில்லை. ஆகவே 98 என்று கேட்டவுடன் மயங்க வேண்டாம்.

அதைவிடச் சிறியது, ஆனால் நம்பத்தக்கது சிகாகோவில் கிடைத்தது. 2013 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, இரண்டு மாணவருக்கு ஒரு டியூட்டர், தினமும் ஒரு பீரியட், பள்ளி அட்டவணைக்குள்ளேயே. டியூட்டர்கள் பெரும்பாலும் அண்மையில் கல்லூரி முடித்தவர்கள், ஒரு வருஷம் உதவித்தொகைக்கு வேலை செய்ய வந்தவர்கள். பீரியடில் பாதி நேரம் மாணவரின் பழைய ஓட்டைகளுக்கு, பாதி நேரம் அன்றைய வகுப்புப் பாடத்துக்கு. கணக்கு மதிப்பெண் கணிசமாக ஏறியது, கணக்கில் ஃபெயில் ஆவது குறைந்தது. 14, 15 வயதுக்கு மேல் கணக்கில் மீட்க முடியாது என்று பலர் கைகழுவியிருந்த பிள்ளைகள் அவர்கள். இந்தத் துறை ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

ஏன் வேலை செய்கிறது என்று சிறுமியை வைத்தே பார்க்கலாம். அவள் 5/8 என்கிறாள். டியூட்டர் தவறு என்று சொல்வதில்லை. ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்கிறார். அவள் சொல்லும்போதே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ஒரு தாளில் 0-க்கும் 1-க்கும் கோடு போட்டு எட்டாகப் பிரிக்கச் சொல்கிறார். 5/8 எங்கே என்று காட்டுகிறாள். ‘3/4 இதே கோட்டில் எங்கே வரும்?’ அவள் பாதியைக் குறிக்கிறாள், அதில் பாதியைக் குறிக்கிறாள், ஆறாவது கோட்டில் போய் விரல் நிற்கிறது. ஐந்துக்கு வலப்பக்கம். எந்தச் செய்முறையும் சொல்லித்தரப்படவில்லை. மொத்தம் ஆறேழு நிமிஷம். முப்பது பேர் வகுப்பில் அந்த ஆறேழு நிமிஷம் அவளுக்குக் கிடைக்காது என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

சரி, அப்படியானால் எல்லா மாவட்டமும் இதைச் செய்துவிடலாமே? செலவு முதல் தடை. சிகாகோவில் ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 முதல் 4,300 டாலர். நாலாயிரம் என்றே வையுங்கள்: ஐந்நூறு பிள்ளைகளுக்கு இருபது லட்சம் டாலர். நாட்டில் ஒரு மாணவருக்குப் பொதுப்பள்ளி சராசரியாகச் செலவழிப்பது 15,000 டாலருக்கு மேல் என்பதால், இது அதில் கால்வாசி. கொரோனாவுக்குப் பிறகு மத்திய அரசு மூன்று தவணையாகத் தந்த சுமார் 19,000 கோடி டாலரில் பல மாவட்டங்கள் டியூஷன் ஆரம்பித்தன. அந்தப் பணத்தை ஒதுக்க வேண்டிய கடைசிக் கெடு 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது.

இரண்டாவது தடை அளவு. நாஷ்வில் மாவட்டம் இதைப் பெரிதாக விரித்தபோது வாசிப்பில் சிறிய முன்னேற்றம்தான் கிடைத்தது, கணக்கில் எதுவும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு விரியும்போது டியூட்டர் மாறிக்கொண்டே இருப்பார், குழு இரண்டிலிருந்து ஐந்தாகும், தினமும் என்பது வாரம் இரண்டு நாளாகும், சாயங்காலம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டு அதே பெயரை வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே டியூஷன் என்று போர்டு சொன்னால் நான் கேட்பது நாலு விஷயம்தான்: எத்தனை பேருக்கு ஒருவர், வாரத்தில் எத்தனை நாள், பள்ளி நேரத்துக்குள்ளேயா, வருஷம் முழுக்க அதே ஆளா?

பையனுக்கு இந்த வழி நேரடியாக எதுவும் தருவதில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிலை பார்த்துக் குழு பிரிப்பது

பையனுக்காகவே இந்த நாலாவது வழியைப் பார்க்கலாம். மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் ஊரில் 1950-களில் பிரபலமான ஒரு ஏற்பாடு: வாசிப்பு நேரம் வந்தால் மட்டும் பல வகுப்புப் பிள்ளைகள் எழுந்து தங்கள் நிலைக்குரிய அறைக்குப் போவார்கள், மீதி நேரம் சொந்த வகுப்பு. கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லேவின் 1987-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நாள் முழுக்கத் திறனைப் பார்த்துப் பிரித்து வைப்பதில் தொடக்கப்பள்ளியில் பலன் தெரியவில்லை, ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்பு தாண்டிப் பிரிப்பதில் தெரிந்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், குழு அடிக்கடி சோதித்து மாற்றப்பட வேண்டும், கற்பிப்பது அந்த நிலைக்கே இருக்க வேண்டும். செப்டம்பரில் போட்ட குழுவிலேயே ஜூன் வரை இருந்தால் அது வெறும் முத்திரை குத்துவது. கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் கீழ்க் குழுவிலேயே தேங்கிப்போன நீண்ட வரலாறு அமெரிக்காவுக்கு உண்டு. இந்த வழிக்கு வரும் எதிர்ப்பு அந்தக் காயத்திலிருந்து வருகிறது. அதை மதித்துத்தான் பேச வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோ மறுபக்கத்துக்குப் போய்ப் பார்த்தது. 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்பதில் என்று வைத்தார்கள், சமவாய்ப்பு கருதி. வசதியுள்ள பெற்றோர் வெளியே கோர்ஸ் வாங்கிப் பிள்ளையை முன்னே தள்ளினார்கள். வசதி இல்லாத வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளை காத்திருந்தது. பத்து வருஷச் சண்டைக்குப் பிறகு 2024-இல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர போர்டு முடிவெடுத்தது, மார்ச்சில் வாக்காளர்களும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். மேலே ஓடும் பிள்ளையை நிறுத்திவைப்பதால் கீழே இருப்பவருக்கு ஒரு நிமிஷமும் கூடுவதில்லை.

இந்த வழியின் செலவு மிகக் குறைவு. எல்லா ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கும் கணக்கு ஒரே பீரியடில் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டவணை போட்டுப் பழகியவர்களைக் கேட்டால் தெரியும், அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று. பேருந்து நேரம், மதிய உணவு முறை, இசை ஆசிரியர் இரண்டு பள்ளிக்குப் பொதுவாக இருப்பது, எல்லாமே இடிக்கும்.

நான் கை தூக்கும் வரிசை

மாவட்டம் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

முதல் வருஷத்தில் ஒரே பாடம், ஒன்றிரண்டு வகுப்புகள். என்னைக் கேட்டால் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்கு, காரணம் அங்கே விழுந்த பிள்ளை அல்ஜீப்ராவில் எழுவது கடினம். பொது கணக்கு பீரியட், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறும் குழுக்கள், மிகவும் பின்தங்கியவர்களுக்கு அதே பீரியடையொட்டி தினசரி டியூஷன், ஆசிரியருக்கு மறுநாள் காலை பட்டியல் தரும் எளிய வீட்டுப்பாட மென்பொருள் ஒன்று. மாவட்டம் முழுக்கக் கருவி வாங்குவது கிடையாது. பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மென்பொருள் லைசன்ஸை வெட்டிவிட்டு டியூட்டரை வைத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் முறையை மாற்றுவதைக் கடைசியில் வைப்பேன். அதுவும் ஆசிரியர்கள் தாங்களாகவே, ‘இந்தப் பிள்ளைக்கு எது தெரியும் என்று எங்களுக்குத் தெரிகிறது, ரிப்போர்ட் கார்டு மட்டும்தான் அதைச் சொல்லவில்லை’ என்று கேட்க ஆரம்பித்த பிறகு. லிண்ட்சே மாதிரி ஒரு சிறு மாவட்டத்தில், ஊர் முழுக்க ஒரே கூட்டத்தில் உட்கார முடிகிற இடத்தில், இதை முன்னாலேயே எடுக்கலாம். ஐம்பதாயிரம் மாணவர், எண்பது பள்ளி என்று இருக்கும் மாவட்டத்தில் இரண்டு வருஷத்தில் செய்துகாட்டுகிறேன் என்று ஒரு சூப்பரின்டென்டன்ட் சொன்னால், அவர் எத்தனை வருஷம் பதவியில் இருக்கப் போகிறார் என்று பணிவாகக் கேட்பது நல்லது.

இரண்டு வகைப் பிள்ளைகளை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறார்கள். சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கு 1975-ஆம் வருஷச் சட்டத்தின்படி ஏற்கெனவே ‘ஐ.இ.பி’ எனப்படும் தனித் திட்டம் உண்டு. அந்த ஐ.இ.பி-யில் எழுதியிருக்கும் மணி நேரங்களையே முழுதாகத் தராத மாவட்டம் எல்லோருக்கும் தனித் திட்டம் தருவேன் என்று சொல்வதை நான் நம்ப மாட்டேன். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் அப்படித்தான். வாசித்தே படிக்க வேண்டிய பிளேலிஸ்டில் கணக்குத் தெரிந்த பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். தரவுப் பாதுகாப்பு தனியாக எழுத வேண்டிய விஷயம். பிள்ளையின் ஒவ்வொரு கிளிக்கும் எங்கே போய்ச் சேருகிறது, ஒப்பந்தம் முடிந்தால் அழிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்தின் நிதியாண்டு ஜூலை 1-இல் ஆரம்பிக்கிறது. பேச வேண்டிய காலம் அதற்கு முந்தைய குளிர்காலமும் வசந்தமும். ஜூன் கூட்டத்தில் மூன்று நிமிஷம் மைக்கில் பேசி எதையும் மாற்ற முடியாது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: எல்சிஏபி என்ற, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு செலவழிக்கப் போகிறோம் என்று சொல்லும் திட்டத்தை ஒவ்வொரு மாவட்டமும் பெற்றோரின் கருத்தைக் கேட்டு, பொது விசாரணை நடத்தி, ஜூலை 1-க்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதன் வரைவில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே தொகை இருக்கும். மென்பொருள் லைசன்ஸுக்கு எவ்வளவு, டியூட்டர் சம்பளத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரியையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.